ஒத்துழையாதவர்

காளியப்பன் மறுபடியும் எதையோ தின்றுவிட்டார் என்பது ஜுலைகாவின் நாக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணிமை கனத்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால்.

"தின்னுட்டாரு மனுஷன். போச்சு," என்று எலியிடம் சொன்னாள். அந்த அறையில் கேட்பதற்கு வேறு நாதி இல்லை.

எலியின் கழுத்தில் இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்றில் இன்சுலின் இறங்கும், மற்றதில் சர்க்கரை நீர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை ஏறாமலும் இறங்காமலும் பிடித்து நிறுத்த வேண்டும். கிளாம்ப் என்று பெயர். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை நகர முடியாது. செவ்வாயும் வெள்ளியும் ஜுலைகாவின் முறை. முந்தைய நாளிலிருந்தே எலிக்குப் பட்டினி, அது விதிமுறை. அன்று முழுக்க அவளுக்கும் பட்டினி. அது எந்த விதிமுறையிலும் இல்லை, ஆனால் அந்த மையத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு மணிக்குக் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போன ஆராய்ச்சியாளரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

கோவைக்கு வெளியே, தென்னந்தோப்புகளைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றது அந்த வளர்சிதை ஆய்வுப் பயிற்சி மையம். முப்பது வயதுக்குள் பன்னிரண்டு பேர். நீரிழிவு ஆராய்ச்சியில் மூன்று வருடப் பயிற்சி. மற்ற இடங்களில் எலியையும் செல்லையும் புள்ளியியலையும் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே அதற்கு மேல் ஒன்று உண்டு, இழை. முதல் நாளே இயக்குநர் டாக்டர் சௌந்தரவல்லி அதைப் போட்டு உடைத்தார்.

"எலியோட கணையத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வரைவீங்க. சர்க்கரை வந்த மனுஷனுக்கு மத்தியானம் உடம்பு எப்படி இருக்கும்னு கேட்டா முழிப்பீங்க. அதனால ஆளுக்கு ஒரு நோயாளி. அவங்க கழுத்து நரம்புல ஒரு இழை, உங்க கழுத்து நரம்புல ஒரு இழை. அவங்களுக்கு வர்ற தாகம், அசதி, பசி, வயிறு நிறையறது எல்லாம் நாலுல ஒரு பங்கு உங்களுக்கும் வரும். நோயைப் படிக்காதீங்க, கூட இருந்து பாருங்க."

கைதட்டினார்கள். ஜுலைகாவும்தான் தட்டினாள். உத்தமபாளையத்திலிருந்து ஆறு வருடம் படித்துப் படித்து இந்த இடத்தைப் பிடித்தவள், தட்டாமல் என்ன செய்வாள்?

அவளுக்கு வாய்த்த இணை காளியப்பன். வயது நாற்பத்தெட்டு. பொள்ளாச்சியில் கண்டக்டராக இருந்தவர். காலில் புண் ஆறாமல் போய், இடது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு, பஸ் ஸ்டாண்டிலேயே டைம் கீப்பராக உட்கார வைத்துவிட்டார்கள். இழைக்குச் சம்மதித்ததற்கு ஈடாக மையம் அவருடைய வயிற்றுத் தோலுக்குக் கீழே ஓர் உறையை வைத்திருந்தது. இன்சுலின் சுரக்கும் செல்கள் அடங்கிய உறை. இன்னும் கடைக்கு வராத சிகிச்சை. அது ஒழுங்காக வேலை செய்ய நேரத்துக்கு அளவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் காளியப்பனிடம் நடக்கவில்லை. ஒன்பது மாதமாக நடக்கவில்லை. வாரத்தில் மற்ற நாளெல்லாம் உத்தமர். செவ்வாயும் வெள்ளியும் மதியம் ஆனால் சர்க்கரை முந்நூறைத் தொடும். ஜுலைகாவுக்கு நாக்கு வறண்டு, கண் சொருகி, எலியின் கணக்கும் கெடும். செவ்வாய், வெள்ளி என்றதும் மையத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அம்மன் கோயில் நாள். சர்க்கரைப் பொங்கல். கணினியே அப்படித்தான் குறிப்பு எழுதியது: 'பிரசாதம் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்.'

அன்று ஐந்து மணிக்கு, எலியைக் கூண்டில் விட்ட கையோடு, இயக்குநர் கூப்பிட்டார்.

"காளியப்பனோட மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பத்தரை. எட்டுக்கு மேல போனா திட்டத்துல இருந்து எடுக்கணும்னு உனக்கே தெரியும். ஏற்கெனவே ஏழு பேரை எடுத்தாச்சு. இவர் எட்டாவது. அடுத்த வெள்ளிக்குள்ள படிவம் வேணும்."

"எடுத்தா உறையையும் எடுத்துடுவீங்களா மேடம்?"

"வேற ஆளுக்குப் பயன்படுமே. ஒத்துழையாதவர்கிட்ட வச்சு என்ன பண்றது? அப்புறம், உன் ரெண்டாம் வருஷ நீட்டிப்பும் இதோட சேர்ந்துதான் போகுது. ஆதாரத்தோட எழுதிடு. புது இணை தர்றேன்."

உறை போனால் அந்தக் கால் மிஞ்சாது. அது ஜுலைகாவுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு வந்தது பரிதாபம் இல்லை, ஆத்திரம். இவ்வளவு பேர் கியூவில் நிற்கும் சிகிச்சை மடியில் வந்து விழுந்திருக்கிறது, அதையும் பொங்கலில் போட்டுத் தின்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பொள்ளாச்சி போனாள். காளியப்பன் டைம் கீப்பர் அறையில், வலது காலில் செருப்பும் இடது காலில் கட்டுமாக உட்கார்ந்திருந்தார். பழனி வண்டிக்கு நேரம் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க அம்மிணி. என்னுங்க இவ்வளவு தூரம்? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்க."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? உக்காருங்க அண்ணே. நேராவே கேக்கறேன். செவ்வா, வெள்ளியில என்ன சாப்பிடறீங்க?"

"என்ன கெடைக்குதோ அதுங்க. முறுக்கு, பன்னு. சில நாளைக்கு ரெண்டு பரோட்டா."

"கோயில் பொங்கல் இல்லையா?"

"நான் கோயிலுக்குப் போயி வருசமாச்சுங்க. படியேற முடியோணுமில்ல."

"அப்புறம் ஏன் திங்கறீங்க?"

"பசி வந்துருதுங்க அம்மிணி. பொறுக்கற பசி இல்லீங்க அது."

ஜுலைகாவுக்குச் சுர்ரென்றது. "பசி யாருக்குண்ணே இல்ல? நான் அதே செவ்வா, வெள்ளியில காலையில ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் பச்சத்தண்ணி இல்லாம நிக்கறேன். எட்டு மணி நேரம். செத்தா போயிட்டேன்?"

காளியப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் மேசை டிராயரைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சாப்பாட்டுக் கணக்கு எழுதச் சொன்னீங்கல்லங்க. எனக்கு அந்த போன்ல தட்டறதெல்லாம் வராது. பசி எப்ப வந்துச்சு, எப்ப அடங்குச்சுன்னு இதுல போட்டிருக்கேனுங்க. தொழில் புத்தி."

வண்டி வரும் நேரம், போகும் நேரம் எழுதும் காகிதங்கள்தான். 'வருகை' என்ற கட்டத்தில் பசி வந்த நிமிடமும் 'புறப்பாடு' என்ற கட்டத்தில் அது போன நிமிடமும் இருந்தன. ஆதாரம் கேட்டார்களே, கையோடு கிடைத்துவிட்டது என்று அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள். தன்னைக் கொடுமைக்காரி என்று அவள் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, படிவத்தோடு இணைப்பதற்காக அந்தக் காகிதங்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் செவ்வாய், வெள்ளியாகவே போயின. செப்டம்பரில் கை நின்றது.

அந்த மாதம் காளியப்பனுக்கு அநேகமாகத் தினமும் பசி. செவ்வாய், வெள்ளி என்ற கணக்கே இல்லை. ஓரத்தில் 'காலை டிபன் இறங்கவில்லை, வயிறு ஏற்கெனவே நிறைந்தாற்போல்' என்று வேறு. மதியம் பசி வருகிறது, சாப்பிடுகிறார், கொஞ்சம் தணிகிறது, மறுபடி வருகிறது. சாயங்காலம் ஒரேயடியாகப் போய்விடுகிறது. போன நேரம் ஒரு நாள் 6.27. இரண்டு நாள் கழித்து 6.26. அப்புறம் 6.24. மாதக் கடைசியில் 6.10. அவர் பழனி வண்டிக்கு எழுதுகிற அதே நிதானத்தோடு எழுதியிருந்தார். நடுவில் ஆறு நாள் தவிர மாதம் முழுக்க.

ஜுலைகா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்த நேரங்கள் அவளுக்கு மனப்பாடம். விடுதி அறைக் கதவின் பின்னால் நோன்பு திறக்கும் நேர அட்டையை ஒட்டி வைத்திருந்தாள். அந்த வருடம் ரமலான் நோன்பு செப்டம்பரில் வந்தது.

விடியுமுன் சஹர் சாப்பிட்டது அவள். அவருக்கு டிபன் இறங்கவில்லை. சூரியன் விழுந்ததும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வாயில் வைத்தது அவள். அவருக்குப் பசி அடங்கியிருக்கிறது. நடுவில் விட்டுப்போன ஆறு நாளும் அவளுக்கு நோன்பு இல்லாத நாட்கள்.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். படித்தவளாயிற்றே, இருபத்து நான்கு நாள் தற்செயல் என்ன அளவு என்று அவளுக்கே கணக்குப் போடத் தெரியும். மற்ற மாதங்களின் காகிதங்களை எடுத்துத் தன் ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கத்தில் வைத்தாள். அக்டோபரில் காய்ச்சல் வந்து அவள் கிளாம்ப் செய்யாமல் படுத்திருந்த இரண்டு வாரம் காளியப்பனுக்கு ஒரு செவ்வாயும் பசிக்கவில்லை. எந்த அம்மன் கோயிலும் ஜுலைகாவின் காய்ச்சலுக்காக நடை சாத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் ஒன்பதுக்கு எலியைப் படுக்க வைத்தாள். மணி ஒன்றானதும் இரண்டு குழாயையும் நிறுத்தி, எலியைக் கூண்டில் விட்டாள். மூன்று மாதம் தயார் செய்த எலி, அதன் பாதி நாள் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு புள்ளிகூடப் போட முடியாது. கேன்டீனில் போய் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், தயிர் சாதம் என்று வரிசையாக வாங்கி உட்கார்ந்தாள். ருசியே தெரியவில்லை. எதிரே போனில், காளியப்பனின் கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளக்கும் பட்டையிலிருந்து வரும் கோடு. இரண்டு மணிக்கு நூற்று நாற்பது. மூன்று மணிக்கு நூற்று ஐம்பது. நான்கு மணிக்கும் அதே. நாக்கு ஈரமாகவே இருந்தது. ஒன்பது மாதத்தில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வந்ததில்லை.

அன்று மாலை இயக்குநர் காகிதங்களை இரண்டு தடவை புரட்டினார். செப்டம்பரில் கண் நின்றபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கசிவு இருக்கும்னு இழை செஞ்சவங்க சொல்லியிருந்தாங்க," என்றார். "பயிற்சியாளரோடதும் கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டா அது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படித்தான் கணக்குப் போட்டோம்."

"நாங்க நேரத்துக்குச் சாப்பிடுவோம்னா?"

"சின்ன வயசு, ஆரோக்கியமான ஆளுங்க. சாப்பிடுவீங்கன்னுதானே நினைப்பாங்க."

"கிளாம்ப் அட்டவணை போட்டது நீங்க மேடம். ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும்."

"நான் பயிற்சியில இருந்தப்போ ரெண்டு நாள்கூடச் சாப்பிடாம நின்னிருக்கேன் ஜுலைகா." அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது பெருமைதான். அந்தப் பெருமையைக் கேட்டதும் ஜுலைகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அவளே அப்படித்தான் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"ஏற்கெனவே எடுத்த ஏழு பேர்?"

"குழு போடறேன்."

"அவங்க உறையைத் திருப்பி வைப்பீங்களா?"

"குழு போடறேன்னு சொன்னேன்ல. இங்க பாரு. நீ படிவத்துல ஒத்துழையாதவர்னு போடு. புது இணையோட நேரத்துக்குச் சாப்பிடு. முடிஞ்சுது. இதை எழுத்துல கொண்டு வந்தேன்னா, தப்பு இணைமேல இல்ல, பயிற்சியாளர்மேலன்னு ஆகும். அவரை வச்சுக்குவாங்க, உன்னை வச்சுக்க மாட்டாங்க. எங்க போனாலும் இந்தப் பேர் கூடவே வரும். யோசி."

யோசித்தாள். உள்ளபடி சொன்னால், இயக்குநர் கேட்டபடியே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், மகள் சர்க்கரை வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறாள் என்று. காளியப்பனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் எங்கே போய்ச் சொல்வார்? புதன்கிழமை அவள் பொள்ளாச்சிக்குக் கிளம்பியது உண்மையைச் சொல்லவா, மனசைக் கல்லாக்கிக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியாது.

காளியப்பன் முந்தின நாள் மதியத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னார்.

"நேத்து சாப்பிட்டுட்டீங்களாட்டம் இருக்குதுங்க அம்மிணி. மத்தியானம் அப்படியே குளுகுளுன்னு இருந்துச்சு."

"தெரியுமா உங்களுக்கு?"

"எம் பசி எனக்குத் தெரியாதுங்களா? என்னோடதுன்னா கால் நடுங்கும், கண்ணு இருட்டும். இது வேற. சின்ன வயித்துப் பசி, கோவமா வரும். ரெண்டாம் மாசமே ஆஸ்பத்திரியில சொன்னேனுங்க, இது நம்ம பசி இல்லீன்னு. அங்க இருந்த நர்சுப் புள்ள சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிச்சு. யாரோடதுன்னு மட்டும் தெரியாம இருந்துச்சு. அன்னிக்கு நீங்க எட்டு மணி நேரம் நிக்கறேன்னு சண்டைக்கு வந்தீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது."

"உங்களோடது இல்லன்னு தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க? கால் போகும்னு தெரியாதா?"

"தெரியாம என்னுங்க. ரெண்டு தடவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து பாத்தேன். முடியலீங்க. உள்ளார ஒரு உசுரு பசிச்சுக் கத்துது, நம்மகிட்ட பன்னு இருக்குது. எப்படிங்க சும்மா உக்காந்திருக்கறது? நாஞ்சாப்பிட்டா அது அடங்குதுங்களே." அப்புறம் கேட்டார்: "அடங்குச்சுங்களா, இல்லீங்களா?"

அடங்கியது. ஒன்பது மாதமாக அடங்கியது. எட்டு மணி நேரம் நின்றாலும் பசியே தெரியவில்லை, வேலையில் அவ்வளவு கவனம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் அம்மாவுக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் நோன்பு கஷ்டமே தெரியலம்மா," என்றாள். "அல்லா லேசாக்கிட்டான்," என்று அம்மா சந்தோஷப்பட்டார். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு மனிதர் காலைப் பணயம் வைத்து முறுக்குத் தின்று லேசாக்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். பழனி வண்டிக்காரர் நேரம் வாங்க வந்து, பார்த்துவிட்டு, வெளியிலேயே நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்தாள். 'ஒத்துழையாதவர் பெயர்' என்ற இடத்தில் ஜுலைகா, த/பெ காதர் மைதீன் என்று எழுதியிருந்தாள். 'காரணம்' என்ற இடத்தில் ஒரே வரி: கிளாம்ப் நாட்களில் பயிற்சியாளர் சாப்பிடவில்லை, அவருக்காக இணை சாப்பிட்டார். இயக்குநர் படித்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகத் தேதி மட்டும் போட்டார். காளியப்பனின் உறை அவரிடமே இருக்கும் என்று எழுத்தில் வாங்கும்வரை ஜுலைகா நாற்காலியை விட்டு எழவில்லை.

அடுத்த திங்களன்று காலை இருவர் கழுத்திலிருந்தும் இழையை எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. பிறகு நூலகம், விடுதி, கிடங்கு என்று ஒவ்வொரு மேசையாகப் போய், எதுவும் பாக்கியில்லை என்று கையெழுத்து வாங்கினாள். அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. பயிற்சியாளர்கள் மதியம் ஒரு மணிக்கு உணவருந்துவது விரும்பத்தக்கது. கிளாம்ப் அட்டவணை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒன்பது முதல் ஐந்து வரை.

ஒன்றேகாலுக்கு, ஆய்வகத்துக்கு வெளியே நடையில், அவளுக்குப் பசித்தது.

முதலில் என்னவென்றே புரியவில்லை. வயிற்றுக்குள் எதுவோ பிடித்து முறுக்கியது. வாயில் எச்சில் ஊறி, தலை லேசாகச் சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பங்கு போட ஆளில்லாத முழுப் பசி. அன்று காலை ஒரு வேளை சாப்பிடாததற்கே இப்படி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு மேசை, நான்கு எலி, நான்கு பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முகத்தில் பசியின் சுவடுகூட இல்லை. ஊசியும் சொட்டும் குறிப்பேடுமாக அவ்வளவு கவனம். பல்லடத்திலோ உடுமலையிலோ யாரோ நான்கு பேர் இந்நேரம் எதையோ தேடி எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜுலைகா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முதல் மேசையில் இன்சுலின் குழாயை நிறுத்தினாள். எலிக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகாமல் இருக்கக் கொஞ்சம் பொறுத்துத்தான் சர்க்கரை நீரை நிறுத்தினாள். படித்த படிப்பு அதற்காவது உதவட்டும்.

"என்ன பண்றீங்க அக்கா! என் டேட்டா..." என்று அந்தப் பெண் கத்தினாள்.

"எழுந்திரு. சாப்பிடப் போ."

"மேடம் உங்களை எடுத்துடுவாங்க!"

"எடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டு ஜுலைகா இரண்டாவது மேசைக்குப் போனாள்.